ஷாப்ட்ஸ்பரி பிரபுவும் பூட்டிய விடுதிகளும்

ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் பெயரைக் கேட்டதும் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்ட நேயர்களுக்கு ஆலைச் சட்டங்கள்தாம் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் சிறு குழந்தைகள் விடியுமுன் நுழைந்து இருட்டிய பின் வெளிவந்த காலத்தில், 1833-ம் வருஷம் முதல் அவர்களுக்காகப் பார்லிமெண்டில் வாதாடியவர் அவர். 1842-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் அவர் கொண்டுவந்தது. 1847-ம் வருஷத்துப் பத்து மணி நேரச் சட்டம் அவர் சபையில் இல்லாதபோது நிறைவேறியதெனினும், அதற்கு வழி வெட்டியவர் அவரே. லண்டன் பிக்காடில்லி சர்க்கஸில் இறக்கை விரித்து நிற்கும் சிலை 1893-ம் வருஷத்தில் அவருடைய ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. அதனடியில் நின்று படம் பிடித்துக்கொள்வோரில் பலருக்கு அது யாருக்காக நிற்கிறதென்பது தெரியாது.

ஆலைக் கதை ஊரறிந்தது. நாம் இங்கே சொல்லப் புகுவது வேறு. 1828 முதல் 1885 வரை 57 வருஷ காலம், ஒரு காசு சம்பளம் பெறாமல், அவர் மற்றொரு உத்தியோகம் பார்த்தார். சித்த சுவாதீனம் இழந்தவர்களை வருஷக்கணக்கில் வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லிக்கொண்ட விடுதிகளுக்குள் சென்று பார்ப்பது, அங்கிருந்து வரும் புகார்களை விசாரிப்பது, சட்டம் விதித்தபடி காரியங்கள் நடக்கின்றனவா என்று கணக்குக் கேட்பது ஆகியவையே அவ்வுத்தியோகம். சட்டம் செய்தவனைத் தேசம் கொண்டாடுகிறது. அந்தச் சட்டம் மறுநாள் காலையில் நடக்கிறதா என்று பார்க்கப் போகிறவனுக்குப் பாராட்டு கிடையாது.

ஆன்டனி ஆஷ்லி கூப்பர் 1801-ம் வருஷம் ஏப்ரல் 28-ம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஆறாவது ஷாப்ட்ஸ்பரி பிரபு. 1851-ல் தந்தை காலமாகும் வரை இவர் ஆஷ்லி பிரபு என்றே அழைக்கப்பட்டார். பெற்றோரின் அன்பை அறியாத பிள்ளை. மரியா மில்லிஸ் என்ற வீட்டுப் பணிப்பெண்தான் அவருக்குப் பக்தியையும் பரிவையும் ஊட்டியவள். ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து, 1826-ல் உட்ஸ்டாக் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்கு வந்தார். கட்சியால் டோரி. ஜனங்களுக்கு வாக்குரிமையை விஸ்தரிக்கும் 1832-ம் வருஷத்துச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர். ஏழைக்கு இரங்கலாம், ஆனால் ஏழையின் கையில் அதிகாரம் கொடுக்கலாகாது என்பது அவ்வகுப்பாரின் மனப்பான்மை. அதிலிருந்து அவர் என்றும் முழுக்க விடுபடவில்லை. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்த ஒரு பெரிய வாதத்துக்கு இதுவே வேர்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் சித்தப்பிரமை கொண்டவர்களில் பலர் தனியார் நடத்திய விடுதிகளில் அடைபட்டிருந்தனர். அது நல்ல லாபம் தரும் வியாபாரம். இவற்றைக் கண்காணிக்க 1774-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. லண்டன் வைத்தியர் கல்லூரி சிலரைக் கமிஷனர்களாக நியமிக்கும். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பகற்பொழுதில் விடுதிகளைப் பார்வையிடுவார்கள். அக்கிரமம் கண்டால் என்ன செய்வார்கள்? விடுதிக்காரனின் லைசென்ஸை ரத்துச் செய்ய அவர்களுக்கு அதிகாரமில்லை. தாங்கள் கண்டதைக் கல்லூரியில் ஓர் அறையில் எழுதித் தொங்கவிடலாம், அவ்வளவுதான். பாரிஷ் செலவில் அனுப்பப்பட்ட ஏழைகளை அச்சட்டம் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இதன் பலன் 1827-ல் வெளிப்பட்டது. லண்டனின் கிழக்கே பெத்னல் கிரீன் என்ற இடத்தில் வாபர்ட்டன் என்பவருக்குச் சொந்தமான வெள்ளை வீடு என்ற விடுதி இருந்தது. பல பாரிஷ்கள் தங்கள் ஏழை நோயாளிகளைத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி அங்கே அனுப்பின. பாரிஷ் அதிகாரிகள் சிலர் நேரில் போய்ப் பார்த்து, கண்டதை வெளியே சொன்னதன் பேரில், ராபர்ட் கார்டன் என்ற அங்கத்தினரின் தலைமையில் காமன்ஸ் சபை ஒரு விசேஷக் கமிட்டியை நியமித்தது. ஆஷ்லி பிரபு அதில் ஓர் அங்கத்தினர். கமிட்டியின் முன் வந்த சாட்சியம் இது: படுக்கையை அசுத்தம் செய்யும் நோயாளிகளைச் சனிக்கிழமை பிற்பகலில் ஆடையின்றி மரத்தொட்டிகளில் வைக்கோலின்மேல் கிடத்தி, கையையும் காலையும் சங்கிலியால் பிணைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை வரை அவர்கள் அப்படியே கிடப்பார்கள். பிறகு முற்றத்துக்கு இழுத்து வந்து, மாரிக்காலமானாலும் குளிர்ந்த நீரால் கழுவுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காவலாட்களுக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. கொடுமை செய்ய வேண்டுமென்று யாரும் அங்கே திட்டமிடவில்லை. ஆள் குறைத்தால் லாபம் கூடும், பார்க்க வருவோர் எவருமில்லை என்ற இரண்டும் சேர்ந்தால் போதும்.

1828-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கார்டன் புது மசோதாவைக் கொண்டுவந்தார். அதை ஆதரித்துப் பேசியதே ஆஷ்லியின் முதல் முக்கியமான பார்லிமெண்டுப் பேச்சு. குரல் எழும்பாமல், பத்திரிகை நிருபர்களுக்குச் சரியாகக் காதில் விழாமல் போயிற்று. மசோதா சட்டமாயிற்று. லண்டன் வட்டாரத்துக்கு 15-க்கு மேற்பட்ட கமிஷனர்கள் நியமனமானார்கள். அவர்களில் ஐவராவது வைத்தியர்களாக இருக்க வேண்டும். விடுதிகளை வருஷத்தில் நான்கு தடவை பார்க்க வேண்டும். தகாத விடுதியின் லைசென்ஸைப் பறிக்கச் சிபாரிசு செய்யலாம். காரணமின்றி அடைபட்டவரை விடுவிக்கலாம். ஆஷ்லி அக்கமிஷனர்களில் ஒருவரானார். சில வருஷங்களில் தலைவரானார். அவ்வருஷமே அவருக்கு இந்தியா போர்டிலும் ஒரு ஸ்தானம் கிடைத்தது. அந்தப் பதவி இரண்டு வருஷத்தில் போயிற்று. கமிஷனர் பொறுப்போ சாகும்வரை விடவில்லை.

பிரபு வம்சத்தவர் பலர் இம்மாதிரிக் குழுக்களில் பெயருக்கு அமர்ந்து, கையெழுத்தை மட்டும் இட்டுக் காலங் கழித்தனர். ஆஷ்லி அப்படிச் செய்யவில்லை. துர்நாற்றம் வீசும் அறைகளுக்குள் நேரில் போனார். ஆரம்பத்தில் அவருக்கு வைத்தியமும் தெரியாது, நிர்வாகமும் தெரியாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதால் விளையும் அறிவு ஒன்று உண்டு. சென்ற முறை இருந்த சங்கிலி இம்முறை எங்கே போயிற்று, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் எதை மறைக்கிறது என்பவை ஒருமுறை பார்த்தவனுக்கு விளங்கா. பத்து முறை பார்த்தவனுக்கு விளங்கும். அவ்வறிவை அவர் சம்பாதித்தார்.

லண்டனுக்கு வெளியே நிலைமை என்ன? 1842-ம் வருஷத்துச் சட்டம் மூன்று வருஷ காலத்துக்கு இக்கமிஷனர்களின் பார்வையை இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரித்தது. ஒரு வைத்தியரும் ஒரு வக்கீலும் ஜோடியாகச் சென்றார்கள். நோயை வைத்தியர் பார்ப்பார், நியாயத்தை வக்கீல் பார்ப்பார் என்பது ஏற்பாடு. 1844-ல் அவர்கள் சமர்ப்பித்த அறிக்கை, நல்லதையும் கெட்டதையும் பெயர் சொல்லி எழுதியது. டர்ஹாம் பிரதேசத்து வெஸ்ட் ஆக்லண்டிலும் டெவன் பிரதேசத்துப் பிளிம்ப்டனிலும் வேல்ஸில் ஹேவர்போர்டுவெஸ்டிலும் கண்ட சீர்கேடுகள் அச்சேறின. மறுபுறம், லிங்கன் நகர ஆஸ்பத்திரியில் கார்டினர் ஹில்லும், ஹான்வெல்லில் 1839 முதல் டாக்டர் கனாலியும் சங்கிலியும் கட்டும் இல்லாமலே நோயாளிகளைப் பராமரித்துக் காட்டியிருந்தார்கள். கட்டிப் போடாவிட்டால் முடியாது என்று சாதித்துவந்த விடுதிக்காரர்களின் வாய் இதனால் அடைந்தது.

அறிக்கையின் பலமாக 1845-ல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒவ்வொரு கவுண்டியும் தன் ஏழை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்டியே தீரவேண்டும் என்றது ஒன்று. தேசம் முழுமைக்கும் நிரந்தரமான கமிஷன் அமைத்தது மற்றொன்று. கமிஷனில் 11 பேர். மூன்று வைத்தியர்களும் மூன்று வக்கீல்களும் வருஷத்துக்கு 1,500 பவுன் சம்பளத்தில், வேறு தொழில் பார்க்காமல் இதையே செய்ய வேண்டும். மற்ற ஐவருக்குச் சம்பளமில்லை. ஆஷ்லி பிரபு அவர்களில் ஒருவராகத் தலைமை வகித்தார்.

இச்சட்டத்தின் உட்பிரிவுகளைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நலம். கமிஷனர்கள் முன்னறிவிப்பின்றி வரலாம்; இரவிலும் வரலாம். வீட்டின் ஒவ்வொரு பகுதியையும், கொல்லைக் கட்டிடம் உள்பட, பார்க்க வேண்டும். அங்குள்ள ஒவ்வொரு நோயாளியையும் பார்க்க வேண்டும். ஓர் அறையையோ ஓர் ஆளையோ அவர்கள் கண்ணிலிருந்து மறைத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். யாரை, எதற்காக, எவ்வளவு நேரம் கட்டி வைத்தார்கள் என்பதை விடுதியில் அவ்வப்போது எழுதி வைக்க வேண்டும். பார்வையிட்டவர்கள் தாம் கண்டதை விடுதியின் புத்தகத்திலேயே எழுதிவிட்டுப் போக வேண்டும்; அடுத்து வருகிறவர்கள் அதைப் படித்து, சொன்னது செய்யப்பட்டதா என்று கேட்பார்கள். தலைநகரத்து லைசென்ஸ் விடுதிகளுக்கு வருஷத்தில் நான்கு முறை, வெளியூர் விடுதிகளுக்கு இரண்டு முறை, கவுண்டி ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு முறை கமிஷனர்கள் செல்ல வேண்டும். உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளின் வருகை இதற்குமேல் தனி.

இவ்வேலையில் உயிராபத்தும் இருந்தது. கமிஷனின் முதல் காரியதரிசியாக இருந்து பின்பு கமிஷனரான ஸ்கெபிங்டன் லட்விட்ஜ், 1873-ம் வருஷத்தில் சாலிஸ்பரிக்கருகே பிஷர்ட்டன் விடுதியைப் பார்வையிடும்போது ஒரு நோயாளி கூரிய ஆணியால் குத்தியதால் மாண்டார். லூயிஸ் கரோல் என்ற பெயரில் குழந்தைக் கதை எழுதிய ஆசிரியருக்கு இவர் மாமன்.

இங்கிலாந்தின் இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. இந்தியாவுக்கான 1858-ம் வருஷத்து 36-வது சட்டம் சித்தப்பிரமை ஆஸ்பத்திரிகளுக்குப் பார்வையாளர் குழுக்களை விதித்தது. 1912-லும் 1987-லும் 2017-லும் புதிய சட்டங்கள் அதன் ஸ்தானத்தில் வந்தன. லைசென்ஸ் இல்லாமல் மனநோயாளிகளை வைத்திருக்கக் கூடாதென்று 1987-ம் வருஷத்துச் சட்டம் சொல்லியிருந்தும், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் லைசென்ஸ் இல்லாத விடுதிகள் பகிரங்கமாக நடந்தன. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலையில் அவற்றில் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். வெள்ளை வீட்டு விசாரணை நடந்து அப்பொழுது 174 வருஷம் ஆகியிருந்தது.

இந்தியாவைக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1875-ல் ஷாப்ட்ஸ்பரி பிரபு பிரபுக்கள் சபையில் பம்பாய் மில் தொழிலாளர்களின் துயரத்தை எடுத்துப் பேசினார். லங்காஷயர் முதலாளிகளும் அதே கோரிக்கையைப் போட்டிக்குப் பயந்து எழுப்பினார்கள். ஆகவே நம் தேசியவாதிகள் அதைச் சந்தேகித்தனர். சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. ஆனால் பம்பாய் மில்லில் நின்ற குழந்தையின் களைப்பு பொய்யன்று. பிறர் சுயலாபத்துக்காகச் சுட்டிக்காட்டிய குறை, குறையில்லாமல் போய்விடாது.

கமிஷனின் மிகப் பெரிய விசாரணைக்கு வருவோம். லண்டன் பெத்லெம் ஆஸ்பத்திரி நூற்றாண்டுகள் பழமையானது. அதன் கவர்னர்கள் செல்வாக்குள்ளவர்கள். தாங்கள் தர்ம ஸ்தாபனம், வியாபாரிகள் அல்லர் என்று வாதித்து, 1845-ம் வருஷத்துச் சட்டத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்குப் பெற்றுவிட்டார்கள். அங்கிருந்து வெளிவந்த பெண் நோயாளிகளின் மோசமான நிலையைக் கண்டு புகார்கள் எழுந்தன. 1851-ல் உள்நாட்டு மந்திரியின் உத்தரவு பெற்றுக் கமிஷனர்கள் உள்ளே போனார்கள். சத்தியப் பிரமாணத்தின் பேரில் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். தேசத்தின் பெருமை என்று கருதப்பட்ட அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பெண்கள் ஆடையின்றி வைக்கோலில் படுத்தது நிரூபணமாயிற்று. பெரிய வைத்தியர்கள் எப்போதாவது வந்து போகிறவர்கள். உள்ளேயே தங்கிப் பொறுப்பேற்கும் தலைமை வைத்தியர் இல்லை. கவர்னர்கள் ஆத்திரத்துடன் மறுப்பு எழுதினார்கள். ஆயினும் 1852-ல் டாக்டர் ஹுட் என்ற இளைஞர் உள்ளிருந்து நடத்தும் வைத்தியராக நியமனம் பெற்றார்; 1853-ம் வருஷத்துச் சட்டம் பெத்லெமின் விலக்கை ரத்துச் செய்தது. தர்மத்தின் பெயரால் நடப்பது கண்காணிப்புக்கு அப்பாற்பட்டது என்ற வாதம் அத்துடன் ஓய்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பிரபுவின் பக்கம். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நின்றார். அவரையும் கேட்க வேண்டும். 1812-ல் காமன்ஸ் சபையின் முகப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதம மந்திரி ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் பெர்சிவல். 1831 முதல் 1834 வரை அவர் இரண்டு விடுதிகளில் அடைபட்டிருந்தார். தமக்குச் சித்தப்பிரமை உண்டாயிருந்ததை அவர் மறைக்கவில்லை. குணமடைந்து வெளிவந்த பின், உள்ளே தாம் அனுபவித்ததைப் புத்தகமாக எழுதினார். 1845-ல், தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கத்தை நண்பர்களுடன் ஆரம்பித்தார். அவருடைய ஆட்சேபம் நேரானது: கமிஷனர்கள் விடுதியைப் பார்க்கிறார்கள், விடுதிக்காரனைக் கேட்கிறார்கள், வைத்தியனைக் கேட்கிறார்கள், உள்ளே இருப்பவன் சொல்வதை மட்டும் பைத்தியக்காரன் பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். அவன் எழுதும் கடிதம் விடுதிக்காரனின் கையைத் தாண்டுவதில்லை. ஒருவனை அடைப்பதற்கு இரண்டு வைத்தியர்களின் கையெழுத்தும் உறவினரின் விருப்பமும் போதுமென்றால், கெட்ட உறவினர்களிடமிருந்து அவனை யார் காப்பாற்றுவது? மாஜிஸ்திரேட்டு நேரில் பார்த்து உத்தரவிட வேண்டாமா?

பிரபு இதை ஒப்பவில்லை. நோய் கண்ட உடனே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோர் குணமடைவர் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. கோர்ட்டு, மாஜிஸ்திரேட்டு என்று வந்தால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிக் குடும்பங்கள் நோயாளியை வீட்டு மூலையில் ஒளித்து வைப்பார்கள். அங்கே எந்தக் கமிஷனரும் போக முடியாது. தம் அனுபவத்தில் வேண்டுமென்றே பொய் சொல்லி அடைக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே என்று 1859-லும் 1877-லும் பார்லிமெண்டுக் கமிட்டிகளின் முன் சாட்சி சொன்னார். 1877-ம் வருஷத்துக் கமிட்டியும் ஏறக்குறைய அதையே முடிவாகக் கண்டது. இவ்வாதம் அற்பமானதன்று, அவருடைய மகன்களில் ஒருவனே காக்கை வலிப்பு நோயால் அந்நிய நாட்டில் பிறர் பராமரிப்பில் இருந்து 1855-ல் லோசான் நகரில் இறந்தவன். குடும்பங்களின் வெட்கம் எத்தகையதென்று அவருக்குத் தெரியும்.

எனினும் நம் அபிப்பிராயத்தில் பெர்சிவலின் கேள்விக்கு அது பதிலாகாது. எத்தனை பேர் அக்கிரமமாக அடைபட்டார்கள் என்பதை, அடைபட்டவர்களின் வாயைத் திறந்து கேளாமல் எப்படிக் கணக்கிடுவது? எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்வோம், நீ வாய் திறக்க வேண்டாம் என்னும் ரட்சகனின் போக்கை அடிமை தேசத்தில் வாழ்ந்தவர்கள் நன்றாக அறிவார்கள். 1862-ம் வருஷத்துச் சட்டம் ஒரு சிறு ஜன்னலைத் திறந்தது. கமிஷனர்களுக்கு நோயாளி எழுதும் கடிதத்தை விடுதிக்காரன் பிரிக்காமல் அனுப்ப வேண்டும் என்று விதித்தது. பெர்சிவலின் சங்கம் சிறியது, பணமில்லாதது, பத்திரிகைகளால் பரிகசிக்கப்பட்டது. அது கேட்டவற்றில் பல பிற்காலத்தில் சட்டமாயின.

ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டார்கள். லாபத்துக்காக நடத்தும் விடுதியே தீமைக்கு வேர் என்று பிரபு 1859-ல் வெளிப்படையாகச் சொன்னார். நோயாளி குணமடைந்து வீடு சென்றால் விடுதிக்காரனுக்கு வருமானம் நின்றுபோகும். அவனுக்கு நல்ல உணவு கொடுத்தால் லாபம் குறையும். இப்படிப்பட்ட தொழிலைக் கண்காணித்துத் திருத்த முயல்வதைவிடப் பொதுப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டுவதே மேல் என்பது அவர் கொள்கை.

பொது ஆஸ்பத்திரிகளும் பெருகின. அங்கேதான் அவருடைய கடைசிக் கால வருத்தம் தொடங்கியது. 1844-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கணக்கில் வந்த நோயாளிகள் ஏறத்தாழ 20,000 பேர். 1885-ல் ஏறத்தாழ 80,000 பேர். லண்டனுக்கு வடக்கே 1851-ல் திறந்த கால்னி ஹாட்ச் போன்ற ஆஸ்பத்திரிகள் சிறு நகரங்களாக வளர்ந்தன. சம்பளம் பெறும் கமிஷனர்களோ அன்றும் ஆறு பேர், இன்றும் ஆறு பேர் என்ற நிலையிலேயே இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் கட்டிடத்தில் ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும் என்ற சட்ட வாசகத்துக்கு என்ன பொருள் இருக்க முடியும்? வரிசையில் நிற்கவைத்து நடந்து போவதே பார்வையிடலாயிற்று. சங்கிலி போயிற்று, வைக்கோல் போயிற்று. ஆனால் குணமாகி வெளியேறுவோர் அவர் இளமையில் எதிர்பார்த்த அளவில் இல்லை.

1884-ல் ஜார்ஜினா வெல்டன் என்ற பெண்மணி, தம்மை விடுதியில் அடைக்க முயன்ற வைத்தியர்மேல் வழக்குத் தொடுத்து வென்றார். பொது ஜன அபிப்பிராயம் கொதித்தது. மாஜிஸ்திரேட்டு உத்தரவின்றிக் கட்டண நோயாளி எவரையும் அடைக்கக் கூடாதென்ற மசோதாவை செல்போர்ன் பிரபு கொண்டுவந்தார். 84 வயதுக் கிழவரான ஷாப்ட்ஸ்பரி, தம் வாழ்நாள் கொள்கைக்கு அது விரோதமென்று 1885-ல் தலைமைப் பதவியை ராஜீநாமாச் செய்தார். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் மந்திரிசபை கவிழ்ந்தது, மசோதாவும் நின்றது, அவர் மீண்டும் பதவியேற்றார். அக்டோபர் 1-ம் தேதி போக்ஸ்டன் நகரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பிரார்த்தனை நடந்தது. உடலை அவர் விருப்பப்படி சொந்த ஊரான விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸில் அடக்கம் செய்தார்கள்.

அவர் தடுத்து வைத்த சட்டம் 1890-ல் நிறைவேறியது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு கட்டாயமாயிற்று. கமிஷனையும் 1913-ம் வருஷத்துச் சட்டம் கலைத்து, வேறொரு போர்டை அதனிடத்தில் வைத்தது. 1890-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. நோயாளி தன் கடிதங்களை அனுப்பும்படி கேட்கலாம், பார்வையிட வருபவருடன் தனியே பேச வேண்டுமென்று கோரலாம் என்ற விவரத்தை அச்சிட்டு, நோயாளிகளின் கண்ணில் படும்படி விடுதிகளில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது அப்பிரிவு. 1774-ல் வைத்தியர் கல்லூரி அறைக்குள் தொங்கிய காகிதம் 116 வருஷம் கழித்து நோயாளியின் சுவருக்கு வந்து சேர்ந்தது. அந்த அறிவிப்பு கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் உரிமையை மட்டுமே கூறிற்று. வெள்ளை வீட்டில் கிடந்தவர்களைப் போலப் பொதுச் செலவில் இருந்த ஏழைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.